இரண்டு சர்க்யூட், ஒரே டவர்: மின் தொடரமைப்புத் திட்டமிடலில் நிகழ்தகவுக் கணக்கு

ஒரு ஊருக்கு 230 கே.வி.யில் இரண்டு சர்க்யூட், அதாவது இரண்டு தனி மின்பாதை, போகிறது. ஒன்று ட்ரிப் ஆனாலும் மற்றது லோடைத் தாங்கும். கோப்பில் "பாதுகாப்பு உண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம், விதி அதை ஏற்கும். அந்த இரண்டு சர்க்யூட்டும் 60 கிலோமீட்டருக்கு ஒரே டவர் வரிசையில் இடமும் வலமுமாகத் தொங்குகின்றன. டவர் சாய்ந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். அது எத்தனை வருடத்துக்கு ஒருமுறை நடக்கும், நடந்தால் எத்தனை நாள் இருட்டு, அதைத் தவிர்க்க எவ்வளவு செலவழிக்கலாம்? இந்தக் கேள்விகளுக்கு எண்ணில் பதில் சொல்லும் வழிதான் நிகழ்தகவு முறை.

முதலில் பழைய விதியைப் பார்த்துவிடுவோம். அதன் பெயர் என்-1. கட்டமைப்பில் ஏதாவது ஒரு உறுப்பு (ஒரு சர்க்யூட், ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு ஜெனரேட்டர்) போனாலும் மற்றவை ஓவர்லோடு ஆகக் கூடாது, வோல்டேஜ் எல்லைக்குள் நிற்க வேண்டும், யாருக்கும் மின்சாரம் நிற்கக் கூடாது. இந்தியாவில் மத்திய மின்சார ஆணையம் 1985இல் தொடரமைப்புத் (டிரான்ஸ்மிஷன்) திட்டமிடலுக்கான கையேட்டை முதலில் வெளியிட்டது. 1994, 2013, 2023 என்று அது திருத்தப்பட்டாலும் அதன் முதுகெலும்பு இன்றும் என்-1தான். ஒன்று போய், அதைச் சரிசெய்வதற்குள் இன்னொன்றும் போகும் நிலையை என்-1-1 என்று சேர்த்திருக்கிறார்கள்.

என்-1 மோசமான விதி இல்லை. எளிமையானது, வாதத்துக்கு இடம் தராதது, கம்ப்யூட்டர் பலவீனமாக இருந்த காலத்திலும் செய்ய முடிந்தது. ஆனால் அது இரண்டு விஷயங்களைக் கேட்பதே இல்லை: எத்தனை முறை நடக்கும், நடந்தால் எவ்வளவு இழப்பு. வருடத்துக்கு நான்கு முறை போகும் மலைப்பாதை லைனும் பத்து வருடத்தில் ஒருமுறை போகும் கேபிளும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். கோடைப் பிற்பகலில் வருடத்துக்கு இருபது மணி நேரம் மட்டும் வரும் ஓவர்லோடும், நாள் முழுக்க நிற்கும் ஓவர்லோடும் அதற்கு ஒரே "தோல்வி".

இது வெறும் தத்துவக் குறை இல்லை. 2012 ஜூலை 30 அதிகாலை 2.33 மணிக்கு வடக்கு மண்டலக் கட்டமைப்பு விழுந்து சுமார் 36,000 மெகாவாட் லோடு போனது. மறுநாள் பிற்பகல் 1 மணியளவில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் விழ, போனது சுமார் 48,000 மெகாவாட். தொடக்கம் பீனா–குவாலியர் 400 கே.வி. லைன். அதன் ஒரு சர்க்யூட்டை 765 கே.வி.க்கு மேம்படுத்துவதற்காக ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள். மிஞ்சிய சர்க்யூட்டில் ஃபால்ட் எதுவும் இல்லை. மிதமிஞ்சிய லோடைத் தொலைவில் உள்ள ஃபால்ட் என்று டிஸ்டன்ஸ் ரிலேயின் (பழுது எவ்வளவு தூரத்தில் என்று கணித்து லைனைத் துண்டிக்கும் கருவி) மூன்றாம் மண்டலம், அதாவது மிகத் தொலைவைக் கவனிக்கும் பகுதி, எடுத்துக்கொண்டு லைனைத் திறந்துவிட்டது. எல்லா உறுப்பும் சர்வீஸில் இருக்கும் நாளை வைத்து என்-1 பார்த்திருந்தால் இந்தக் காட்சி திரையில் வந்திருக்காது. திட்டமிட்ட நிறுத்தம், அதன்மேல் ஓவர்லோடு, அதன்மேல் ரிலேயின் தவறான புரிதல் என்று மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறின.

கணக்கின் செங்கற்கள்

ஒவ்வொரு உறுப்புக்கும் இரண்டு எண் போதும். வருடத்துக்கு எத்தனை முறை பழுதாகிறது என்பது ஒன்று. லைனுக்கு இதைப் பெரும்பாலும் 100 கிலோமீட்டருக்கு இத்தனை என்று சொல்வார்கள், ஏனென்றால் நீளம் கூடினால் பழுதும் கூடும். ஒருமுறை பழுதானால் திரும்ப சர்வீஸுக்கு வர எத்தனை மணி நேரம் என்பது மற்றது. இரண்டையும் பெருக்கி, வருடத்தின் மொத்த மணி நேரமான 8,760ஆல் வகுத்தால், அந்த உறுப்பு எந்த ஒரு நேரத்திலும் இல்லாமல் இருக்கும் நிகழ்தகவு கிடைக்கும். வருடத்துக்கு 2 பழுது, ஒவ்வொன்றும் 8 மணி நேரம் என்றால் 16 மணி நேரம். 8,760ஆல் வகுத்தால் 0.0018.

முடிவில் வரும் குறியீடுகளில் மூன்றைத் தெரிந்துகொண்டால் ஆரம்பத்துக்குப் போதும். லோடு முழுவதையும் தர முடியாமல் போகும் நிகழ்தகவு எல்.ஓ.எல்.பி. அதையே வருடத்துக்கு எத்தனை நாள் அல்லது மணி என்று சொன்னால் எல்.ஓ.எல்.இ. தர முடியாமல் போகும் மின்சாரத்தின் வருடச் சராசரி, யூனிட்டில், இ.இ.என்.எஸ். முதல் இரண்டும் பெரும்பாலும் மின் உற்பத்தி போதுமா என்று பார்க்க உதவுபவை. இந்தியாவின் 2023 தேசிய மின் திட்டம் எல்.ஓ.எல்.பி. 0.2 சதவீதம் என்று எடுத்துக்கொள்வது அந்த வகை; வருடத்துக்குச் சுமார் பதினேழரை மணி நேரம். தொடரமைப்புக்கு மிகவும் பயன்படுவது மூன்றாவதுதான். அதை ரூபாயாக மாற்ற முடியும் என்பதே காரணம்.

இங்கே ஒரு பழைய குழியும் உண்டு. அமெரிக்காவில் "பத்து வருடத்தில் ஒரு நாள்" என்ற அளவுகோல் உண்டு. அதை வருடத்துக்கு 2.4 மணி நேரம் என்று மாற்றிவிடுவார்கள். தவறு. பற்றாக்குறை வந்த நாட்களை எண்ணும் அளவுகோல் அது. ஒரு நாளில் அரை மணி நேரம் பற்றாக்குறை வந்தாலும் ஒரு நாள்தான், பத்து மணி நேரம் வந்தாலும் ஒரு நாள்தான்.

ஒரு ஊரை எடுத்துப் போட்டுப் பார்ப்போம்

மேலே சொன்ன ஊருக்கே வருவோம், ஆனால் அதன் உச்ச லோடு இப்போது ஒரு சர்க்யூட்டின் திறனைத் தாண்டி வளர்ந்துவிட்டது என்று வைப்போம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை, ஆனால் அளவில் நம்பக்கூடியவை. ஒரு சர்க்யூட்டின் திறன் 200 மெகாவாட். ஊரின் உச்ச லோடு 260, சராசரி 150. வருடத்தில் 600 மணி நேரம் லோடு 200ஐத் தாண்டுகிறது, அந்த நேரங்களில் சராசரியாக 25 மெகாவாட் அதிகம். எனவே வருடம் முழுக்க ஒரு சர்க்யூட் மட்டும் இருந்தால் தர முடியாமல் போகக்கூடியது 600 × 25 = 15,000 மெகாவாட்-மணி, அதாவது 1.5 கோடி யூனிட். என்-1 கணக்குப்படி இந்த ஊர் தோல்வி: உச்ச நேரத்தில் ஒரு சர்க்யூட் போனால் 60 மெகாவாட் குறைகிறது.

இப்போது நிகழ்தகவு. ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் மேலே பார்த்த 0.0018 என்றே வைத்தால், இரண்டில் ஏதாவது ஒன்று மட்டும் இல்லாத நிகழ்தகவு சுமார் 0.00365. 1.5 கோடி யூனிட்டை அதனால் பெருக்கினால் வருடத்துக்குச் சுமார் 55 ஆயிரம் யூனிட். இரண்டும் தனித்தனிக் காரணத்தால் ஒரே நேரத்தில் இல்லாதிருப்பது 0.0018இன் வர்க்கம், வருடத்துக்கு இரண்டு நிமிடத்துக்கும் குறைவு, சுமார் 4,400 யூனிட். இதுவரை பார்த்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது வரியில்தான் விஷயம் இருக்கிறது. டவர் சாய்வது 25 வருடத்தில் ஒருமுறை, அதாவது வருடத்துக்கு 0.04 என்று வைப்போம். புது டவர் நிறுத்திக் கம்பி இழுக்க 10 நாள், 240 மணி நேரம். 0.04 × 240 × 150 மெகாவாட் = 1,440 மெகாவாட்-மணி. 14.4 லட்சம் யூனிட்!

மொத்தம் ஏறத்தாழ 15 லட்சம் யூனிட், அதில் 96 சதவீதம் டவரால் வருகிறது. என்-1 தோல்வி என்று காட்டிய 60 மெகாவாட் குறைபாட்டின் பங்கு நான்கு சதவீதம்கூட இல்லை. ஒரே காரணத்தால் பல உறுப்புகள் சேர்ந்து போவதைப் பொதுக்காரணப் பழுது என்கிறார்கள். நம்பகத்தன்மைக் கணக்கில் தேர்ச்சி என்பது பெரும்பாலும் இந்த ஒன்றைத் தேடிப் பிடிப்பதுதான். ஒரே டவர், ஒரே பஸ்பார் (துணைமின் நிலையத்தில் லைன்கள் வந்து சேரும் கடத்தி), ஒரே கேபிள் பள்ளம், ஒரே பேட்டரி அறை; காட்சிகள்தான் மாறும். வட அமெரிக்கத் திட்டமிடல் தரநிலையில் ஒரே டவரில் உள்ள இரு சர்க்யூட்டும் போவது தனி வகையாகவே இருக்கிறது. ஆனால் அங்கும் அது எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்று தரநிலை கேட்பதில்லை.

இனி மூன்று தீர்வுகளை எடை போடுவோம். தராத ஒரு யூனிட்டால் ஊருக்கு ஏற்படும் நஷ்டம் 50 ரூபாய் என்று வைக்கலாம். இது மின்கட்டணம் இல்லை. ஆலை நிற்பது, குளிர்பதனக் கிடங்கில் சரக்கு கெடுவது, டீசல் ஜெனரேட்டர் ஓட்டுவது எல்லாம் சேர்ந்த மதிப்பு. இப்போதைய ஆபத்தின் விலை வருடத்துக்கு 7.5 கோடி ரூபாய்.

முதல் தீர்வு, அதே டவரில் கண்டக்டரை மட்டும் மாற்றி எச்.டி.எல்.எஸ். வகையைப் போடுவது. அதிக வெப்பத்திலும் அதிகம் தொய்யாத கம்பி அது. சர்க்யூட்டுக்கு 270 மெகாவாட் கிடைக்கும், என்-1 தேர்ச்சி. வருடாந்தரச் செலவு 3 கோடி என்று கொள்வோம். குறையும் ஆபத்து 55 ஆயிரம் யூனிட், அதாவது 27 லட்சம் ரூபாய்.

இரண்டாவது, அவசர மீட்பு டவர்கள் ஒரு செட் வாங்கி வைப்பது. அலுமினியக் கலவைத் துண்டுகளாக லாரியில் வந்து, இழுவைக் கம்பி (கை-வயர்) கட்டி நிறுத்தும் தற்காலிக டவர்கள் இவை, துறையில் ஈ.ஆர்.எஸ். என்றால் எல்லோருக்கும் புரியும். பத்து நாள் மூன்று நாளாகிறது. 14.4 லட்சம் யூனிட் 4.32 லட்சமாகிறது. மிச்சம் 5 கோடி ரூபாய், வருடாந்தரச் செலவு 80 லட்சம். அந்த செட் பக்கத்து மாவட்ட லைன்களுக்கும் உதவும். என்-1 கணக்கில் இது எதையுமே மாற்றவில்லை, ஊர் இன்னமும் தோல்விதான்.

மூன்றாவது, வேறு பாதையில் மூன்றாம் சர்க்யூட். வருடாந்தரச் செலவு 9 கோடி. டவர் விழுந்தாலும் 200 மெகாவாட் வருவதால் ஆபத்து சுமார் 20 ஆயிரம் யூனிட்டுக்கு இறங்கும், மிச்சம் 7.4 கோடி. செலவைவிடக் குறைவுதான், ஆனால் கிட்டத்தட்டச் சமம். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஈ.ஆர்.எஸ். வாங்கிய பிறகு மூன்றாம் சர்க்யூட் மிச்சப்படுத்துவது 7.4 கோடி இல்லை, வெறும் 2.4 கோடி. மீதி ஆபத்தை ஈ.ஆர்.எஸ். ஏற்கெனவே எடுத்துவிட்டது. ஒவ்வொரு தீர்வின் பலனையும் தனியாகக் கணக்கிட்டுக் கூட்டினால், இல்லாத ஆபத்தையும் சேர்த்து விற்றதாகிவிடும்.

லோடு வளர்ச்சியையும் சேர்க்க வேண்டும். ஊரின் லோடு 5 சதவீதம் கூடினால், அந்த 600 மணி நேரத்தில் சராசரி லோடு 225இலிருந்து 236 ஆகிறது. 200க்கு மேல் நிற்பது 25இலிருந்து 36. அதாவது ஆபத்தில் இருக்கும் மின்சாரம் 45 சதவீதம் கூடிவிட்டது, புதிதாக 200ஐத் தாண்டும் மணிகளைச் சேர்க்காமலே. அதனால் இந்தக் கணக்கின் முடிவு "கட்டு, கட்டாதே" என்று இருக்காது. "இந்த வருடம் வேண்டாம், இந்த அளவு லோடு வந்தால் கட்டு" என்று இருக்கும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் தொடரமைப்பை இப்படித்தான் திட்டமிடுகிறது. வருடத்தில் சில மணி நேரம் என்-1 மீறப்படுவதை அறிந்தே ஏற்றுக்கொள்வார்கள், அந்த ஆபத்தின் விலை லைன் விலையை எட்டும்வரை.

சராசரியை மட்டும் நம்பி முடிவெடுக்கவும் கூடாது. "வருடத்துக்கு 14.4 லட்சம் யூனிட்" என்பது உண்மையில் எந்த வருடமும் நடக்காது. நடப்பது, 24 வருடம் ஒன்றுமில்லை, ஒரு வருடம் 3.6 கோடி யூனிட், பத்து நாள் இருட்டு. பத்தாவது நாளின் நஷ்டம் முதல் மணி நேரத்தின் நஷ்டம் போல இருக்காது. குடிநீர் பம்ப், மருத்துவமனை, டீசல் கிடைப்பது என்று எல்லாம் இறுகும். எனவே இ.இ.என்.எஸ். பக்கத்தில் "மிக மோசமான ஒரு நிகழ்வில் எவ்வளவு, எத்தனை நாள்" என்ற வரியையும் எழுதுவது நல்லது. அந்த வரியைப் பார்த்துவிட்டு, 9 கோடி கொடுத்து மூன்றாம் சர்க்யூட்டே போடலாம் என்று ஒருவர் முடிவெடுத்தால், அது தவறான முடிவு என்று சொல்ல மாட்டோம்.

பெரிய கட்டமைப்பில்

மூன்று வரியில் முடிந்தது ஊர் சிறியது என்பதால். ஐம்பது உறுப்புள்ள கட்டமைப்பில் ஒவ்வொன்றும் இருக்கலாம் அல்லது இல்லாமல் இருக்கலாம் என்றால் மொத்த நிலைகள் சுமார் பதினோரு கோடி கோடி. ஒரு நிலைக்கு ஒரு மில்லி செகண்ட் என்றாலும் முப்பத்தையாயிரம் வருடம் ஆகும். எனவே இரண்டு குறுக்குவழிகள்.

ஒன்று, வரிசையாக எண்ணுவது. ஒன்று போனால் 50 நிலை, இரண்டு போனால் 1,225, மூன்று போனால் 19,600. அதற்கு மேல் நிகழ்தகவு மிகச் சிறியது என்று நிறுத்திவிடலாம். பொதுக்காரணப் பழுதுகளைத் தனி உறுப்பு போலச் சேர்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் டவர் "இரண்டு தனித்தனிப் பழுது" ஆகிக் காணாமல் போகும்.

இன்னொன்று மான்டி கார்லோ. ஒவ்வொரு உறுப்புக்கும் 0 முதல் 1 வரை ஒரு சீரற்ற எண் எடுங்கள். அது அந்த உறுப்பின் இல்லாமை நிகழ்தகவைவிடச் சிறியதாக வந்தால் உறுப்பு சர்வீஸில் இல்லை. ஐம்பது உறுப்புக்கும் இப்படித் தாயக்கட்டையை உருட்டினால் ஒரு நிலை கிடைக்கும். அதற்கு லோடு ஃப்ளோ (எந்த லைனில் எவ்வளவு மின்சாரம் ஓடும் என்ற கணக்கு) ஓட்டுங்கள். ஓவர்லோடு வந்தால் முதலில் ஜெனரேட்டர்களை ஏற்றி இறக்கிப் பாருங்கள், தீராவிட்டால் மட்டும் குறைந்தபட்ச லோடை வெட்டுங்கள். வெட்டிய மெகாவாட்டைக் குறித்துக்கொண்டு திரும்ப உருட்டுங்கள். எத்தனை முறை? தேடும் நிகழ்வின் நிகழ்தகவு ஆயிரத்தில் ஒன்று, ஐந்து சதவீதத் துல்லியம் போதும் என்றால் சுமார் 4 லட்சம் முறை. பத்தாயிரத்தோடு நிறுத்தினால் அந்த நிகழ்வு பத்து முறைதான் வந்திருக்கும். மறுபடி ஓட்டினால் விடை மாறும்.

பழகிப் பார்க்க ஐ.இ.இ.இ. (மின்பொறியாளர்களின் சர்வதேச அமைப்பு) 1979இல் வெளியிட்ட சோதனைக் கட்டமைப்பு நல்லது: 24 பஸ் (லைன்கள் சேரும் முனை), 32 ஜெனரேட்டர், 3,405 மெகாவாட் நிறுவுதிறன், 2,850 மெகாவாட் உச்ச லோடு. லைன்களின் பழுது விகிதமும் பழுதுநேரமும் அதிலேயே தரப்பட்டுள்ளன. எழுதிய நிரல் சரியா என்று சரிபார்க்க உலகம் முழுக்க இதைத்தான் எடுக்கிறார்கள்.

எங்கே சறுக்கும்

வருடச் சராசரிப் பழுது விகிதத்தை வருடம் முழுக்கப் பரப்புவது முதல் சறுக்கல். ஒரு லைனின் பழுதுகள் எல்லாம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில்தான் வருகின்றன என்று வையுங்கள். அந்த மூன்று மாதத்தில் இல்லாமை நிகழ்தகவு நான்கு மடங்கு. இரண்டும் சேர்ந்து போவது பதினாறு மடங்கு, கால் வருடத்துக்கு. வருடக் கணக்கில் நான்கு மடங்கு. அதே சமயம் ஊரின் உச்ச லோடு ஏப்ரல்–மே வெயிலில் வருகிறதென்றால், அந்த 55 ஆயிரம் யூனிட் கிட்டத்தட்டப் பூஜ்யம். புயலில் இது இன்னும் கூர்மையாகும். 2016 டிசம்பர் 12இல் சென்னையைக் கடந்த வர்தாவும் 2018 நவம்பர் 16இல் டெல்டாவைத் தாக்கிய கஜாவும் ஒரு லைனைத் தேர்ந்தெடுத்து அடிக்கவில்லை. வழியில் இருந்ததையெல்லாம் ஒரே வீச்சில் அடித்தன. பழுது பார்க்கும் ஆட்களும் ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் இருக்க முடியாது, எனவே பழுதுநேரமும் நீளும்.

காற்றாலையை "30 சதவீத நேரம் ஓடும் ஜெனரேட்டர்" என்று போடுவது இன்னொன்று. பாலக்காட்டுக் கணவாயிலும் ஆரல்வாய்மொழியிலும் மே முதல் செப்டம்பர் வரை எல்லாக் காற்றாலையும் சேர்ந்து சுற்றும், சேர்ந்தே நிற்கும். தனித்தனியாகக் கட்டை உருட்டினால் ஒன்றின் ஏற்றம் மற்றதன் இறக்கத்தைச் சமன் செய்துவிடும்; காற்றாலைப் பகுதியிலிருந்து வெளியேறும் லைனில் நெரிசலே இல்லை என்று விடை வரும். 8,760 மணி நேரத்துக்கும் காற்று, சூரிய ஒளி, லோடு மூன்றின் உண்மைத் தொடரையும் ஒரே வருடத்திலிருந்து சேர்த்து எடுப்பதுதான் பத்திரமான வழி.

நம் ஊர்க் கணக்கிலும் ஒரு ஓட்டை ஒளிந்திருக்கிறது. ஒரு சர்க்யூட் போனதும் சரியாக 25 மெகாவாட் மட்டும் வெட்டப்படும் என்று எடுத்துக்கொண்டோம். யார் வெட்டுவார்கள்? அதைத் தானாகச் செய்யும் சிறப்புப் பாதுகாப்பு ஏற்பாடு இல்லையென்றால் 200க்கு மேல் ஏறிய இரண்டாம் சர்க்யூட்டும் ட்ரிப் ஆகும், ஊர் முழுக்க இருளும். 600 மணி நேரத்தில் அப்படி நடப்பது வருடத்துக்கு 0.27 முறை. ஒவ்வொரு முறையும் கூடுதலாக 200 மெகாவாட் ஒரு மணி நேரம் போனால் இன்னொரு 55 ஆயிரம் யூனிட். அந்த வரி இரட்டிப்பாகிவிட்டது. மறுபக்கம், 110 கே.வி. வழியாகப் பக்கத்து துணைமின் நிலையத்திலிருந்து கொஞ்சம் லோடை ஊட்ட முடியும் என்பதையும் விட்டுவிட்டோம். 40 மெகாவாட் வந்தாலும் டவர் விழுந்த பத்து நாளில் மருத்துவமனையும் குடிநீரும் ஓடும்.

இவ்வளவு கணக்கும் நிற்பது துணைமின் நிலையத்தில் ஷிஃப்ட் ஆபரேட்டர் எழுதும் ட்ரிப்பிங் ரிஜிஸ்டரில். அதில் "லைன் ஃபால்ட், நார்மலைஸ்டு" என்று மட்டும் இருந்தால் எந்த நிரலாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆட்டோ ரீகுளோஸில் (லைனைத் தானாக மீண்டும் இணைக்கும் ஏற்பாடு) ஒரு செகண்டில் திரும்பிய ட்ரிப்பையும், ஜம்பர் (டவரில் இரு பக்கக் கம்பிகளை இணைக்கும் துண்டு) அறுந்து 8 மணி நேரம் நின்ற ட்ரிப்பையும் ஒன்றாக எண்ணினால் பழுது விகிதம் பல மடங்கு ஏறி, சராசரிப் பழுதுநேரம் சில நிமிடத்துக்கு இறங்கிவிடும். பயன்படும் பதிவு இப்படி இருக்கும்: சர்க்யூட் 2, 14.10 மணி, ஆர் ஃபேஸ்–எர்த் (ஒரு ஃபேஸ் கம்பிக்கும் தரைக்கும் இடையே பழுது), ரிலே காட்டிய தூரம் 31 கிலோமீட்டர், ரீகுளோஸ் தோல்வி, சர்க்யூட் 1 சர்வீஸில், இடியுடன் மழை, டவர் 97இல் இன்சுலேட்டர் ஸ்ட்ரிங் உடைந்தது, ஆட்கள் சேர்ந்தது 17.00, சார்ஜ் செய்தது (மீண்டும் மின்சாரம் ஏற்றியது) 22.25. எட்டேகால் மணி நேரத்தில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆட்கள் போய்ச் சேரவே ஆகியிருக்கிறது. கண்டக்டரை மாற்றுவதா, ஜீப்பும் கேங்கும் நிற்கும் இடத்தை மாற்றுவதா என்ற கேள்வி இங்கிருந்துதான் கிளம்பும்.